இடப்பக்க வெளிச்சம்

ஜூன் 3, செவ்வாய்

மாடிப்படியின் அடியில் செருப்பு வைக்க ஒரு மரத்தட்டு இருக்கிறது. என் கணவர் லாரன்ஸ் தன் கையால் செய்தது. அது எதற்காக இருக்கிறது என்பது மாடியில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிக்கு இந்த ஒன்றரை வருடத்தில் விளங்கவில்லை. இன்றும் செருப்புகள் மூன்றாம் படியில் கிடந்தன. ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

கம்பெனி என்றால் இரண்டே பேர். பாஸிலா படங்கள் செய்கிறவள். செங்குட்டுவன் ப்ரோகிராம் எழுதுகிறவன். சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். அதன் கதாநாயகன் ஓர் ஆடு. கசாப்புக் கடையிலிருந்து தப்பித்து, ஊர் முழுக்கச் சுற்றி, சுவரொட்டி, காயப்போட்ட வேட்டி, கல்யாணப் பந்தலின் வாழைமரம் என்று கண்டதையும் தின்னும். தின்னத் தின்ன மதிப்பெண். இருவரும் பட்டதாரிகள்.

மாலை பாஸிலா இறங்கி வந்தாள். செருப்புக்கு மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லணும். பின்லாந்துல ஒரு கம்பெனி எங்க கேமை எடுத்துக்கறேங்குது. ஆனா வேற இன்ஜினுக்கு மாத்திக் குடுக்கணும். இருபத்தேழாம் தேதி பாப்பாங்க. பிடிச்சுதுன்னா தப்பிச்சோம். இல்லேன்னா மாசக் கடைசில ஆபீஸ மூடிட்டுக் காலி பண்ணிடுவோம். இதுக்கு மேல எங்களால தாக்குப்பிடிக்க முடியாது."

நல்லது, எனக்கும் அதுதான் வசதி என்றேன். தவக்காலத்திலிருந்தே பல் மருத்துவர் கஜபதி மாடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜூலையில் கிளினிக் திறக்க வேண்டுமாம். மரியாதை தெரிந்த மனிதர். அமைதியான தொழில்.

வீட்டு வேலைக்கு வரும் ஆரோக்கியம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "பல்லு புடுங்குற எடம் அமைதியாவாம்மா இருக்கும்?" என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் விட்டதில் தொட்டி வழிந்து, என் ஜெரேனியம் தொட்டிகள் குளமாகிவிட்டன. நேரே மாடிக்குப் போனேன். முழங்கால் வலியோடு போனேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டேன். என் வாசற்கதவு அங்கே இருந்தது. காரைக்குடிப் பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து லாரன்ஸ் லாரியில் ஏற்றி வந்த தேக்குக் கதவு. சட்டத்துக்குச் சட்டம் புடைத்து நிற்கும் தாமரை. திரையிலோ அந்தத் தாமரைகளை யாரோ கரண்டியால் தோண்டி எடுத்தது போல இருந்தது.

"என் கதவுல பூ வெளிய நிக்குது. உங்க கதவுல உள்ள போயிருக்கு" என்றேன்.

செங்குட்டுவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தான். "பாஸி, இங்க வா. மேடம் சொல்றது கரெக்ட்."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். விளையாட்டில் வரும் கதவு வெறும் தட்டை அட்டை. அதன்மேல் நார்மல் மேப் என்று ஒரு படத்தைப் போர்த்துகிறார்கள். பார்க்க நீலமும் ஊதாவுமாக, மை கொட்டிய மேஜை விரிப்பு போல இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அந்தப் படம் வெளிச்சத்திடம் சொல்கிறது. படத்தில் உள்ள சிவப்பு இடமா வலமா என்று சொல்லும். பச்சை மேலா கீழா என்று சொல்லும். வெளிச்சம் அதை நம்பி நிழல் போடும். நம் கண் அந்த நிழலை நம்பி, பூ புடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

"அப்படின்னா பொய்" என்றேன்.

"அழகான பொய் மேடம்."

கேமை ஓட்டும் மென்பொருளுக்கு இன்ஜின் என்று பெயராம். இதுவரை இவர்கள் யூனிட்டி என்ற இன்ஜினில் வேலை செய்தார்கள். பின்லாந்துக்காரர்களுக்கு அன்ரியல் என்ற இன்ஜினில் வேண்டும். முதலாவதில் பச்சை கூடினால் மேல்நோக்கிச் சாய்வு என்று பொருள். இரண்டாவதில் அதே பச்சைக்குக் கீழ்நோக்கி என்று பொருள். மேல் எது கீழ் எது என்பதிலேயே உலகம் ஒத்துப்போகவில்லை. எங்கள் சர்ச்சின் பங்குப் பேரவையை நான் இனிக் குறை சொல்வதாக இல்லை.

ஆகவே இவர்கள் எல்லாப் படங்களிலும் பச்சையை மட்டும் ஒரே அடியாகத் தலைகீழாக்கினார்கள். அங்கேதான் கோளாறு. இரண்டு வருடமாக அங்கும் இங்கும் சேர்த்த படங்களில் சில முன்பே அன்ரியல் ரகமாம். சரியாக இருந்தவற்றையும் கவிழ்த்துவிட்டார்கள். எது எந்த ரகம் என்று குறித்து வைக்கவில்லை.

"குறிச்சு வைக்கலையா?"

"இல்ல மேடம்."

"ஒண்ணுகூடவா?"

"வைக்கணும்னு நெனச்சோம் ஆன்ட்டி" என்றாள் பாஸிலா.

மோட்டாரைப் பற்றிப் பேச மறந்துவிட்டேன். ஆரோக்கியம் நிறுத்தியிருந்தாள்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் இருவரும் வந்து நின்றார்கள். செருப்பு மரத்தட்டில் இருந்தது. ஏதோ வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எது புடைப்பு, எது பள்ளம் என்று சொல்ல ஆள் தேவையாம். கம்ப்யூட்டருக்கு அது தெரியாதாம். "நாங்க ரெண்டு வருஷமா பாத்துப் பாத்துக் கண்ணு மரத்துப்போச்சு ஆன்ட்டி. கதவு எங்களுக்குத் தெரியவே இல்ல. நீங்க வாசப்படி தாண்டறதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டீங்க."

முகஸ்துதி எனக்குப் பிடிக்காது. ஆனால் உண்மையை மறுப்பதும் பிடிக்காது. கான்வென்ட்டில் மதர் செலஸ்டின் எங்களுக்கு ஓவியமும் தையலும் எடுத்தார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூ எழுப்ப வேண்டும். நிறமே இல்லை, நிழல் ஒன்றுதான் பூ. அந்த வகுப்பில் ஐந்து வருடமும் முதல் பரிசு யாருக்குப் போனது என்று இங்கே எழுதப்போவதில்லை.

செய்கிறேன் என்றேன், என் நிபந்தனைகளின்படி. மாடி ஏற மாட்டேன். கம்ப்யூட்டர் என் சாப்பாட்டு மேஜைக்கு வர வேண்டும். ஜெபமாலை நேரத்தில் கூப்பிடக் கூடாது. திரையில் வெளிச்சம் இடப்பக்கமிருந்துதான் விழ வேண்டும். வெளிச்சம் இடத்தோளுக்கு மேலாக வர வேண்டும் என்பது மதர் செலஸ்டினின் முதல் பாடம். வேறு பக்கமிருந்து விழும் நிழலை நான் பார்ப்பதில்லை.

செங்குட்டுவன் ஒரு பலகையையும் ஒரு விளக்கையும் திரையில் கொண்டுவந்தான். விளக்கை இடப்பக்கம் நகர்த்தும்போது, "மேடம், வெளிச்சம் மேலேருந்து..." என்று ஆரம்பித்தான்.

"தம்பி, இடப்பக்கம்" என்றேன். இடப்பக்கம் வைத்தான்.

எனக்குச் சொல்லித்தர என் வலப்பக்கம் இருந்த பிரம்பு நாற்காலியை இழுத்தான். அது உட்காருவதற்கு இல்லை என்றேன். சமையலறை முக்காலியை எடுத்துவந்து உட்கார்ந்தான். அவன் உயரத்துக்கு முழங்கால் காதைத் தொட்டது.

ஜூன் 9, திங்கள்

வேலை நன்றாக நடக்கிறது. இன்று செங்கல் சுவர்கள், ஓடுகள், கருங்கல் படிகள். எல்லாம் சரியாகப் புடைத்திருக்கின்றன. ஆனால் ஒரு சுவரில் செங்கல் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் இருந்தன. அப்படிக் கட்டினால் சுவர் விழுந்துவிடும். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பது வருடம் இருந்தவரின் மனைவிக்கு இது தெரியாதா? பாஸிலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஆன்ட்டி, அது கேம். விழாது."

"ஆடு மோதினா?"

சற்று யோசித்தாள். மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

கதவுகள், ஜன்னல்கள், தகர ஷட்டர்கள். எல்லாம் சரி. ஆரோக்கியம் எட்டிப் பார்த்து, "எல்லாம் ஊதாவாத்தானே இருக்கு, என்னத்தம்மா பாக்குறீங்க?" என்றாள். கண் பயிற்சி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஜூன் 11, புதன்

டாக்டர் கஜபதி வந்தார். மாடியைப் பார்த்தார். எங்கே நாற்காலி, எங்கே தண்ணீர்க் குழாய் என்று டேப் வைத்து அளந்தார். பிறகு ஹாலுக்கு வந்து தன் பையைப் பிரம்பு நாற்காலியின்மேல் வைத்தார்.

"இதுல பள்ளம் விழுந்துருச்சே மேடம். பிரம்பு தொய்ஞ்சுபோச்சு. பள்ளத்த அப்பப்ப அடைச்சிரணும். விட்டா பெருசாகும்."

தொழில் புத்தி. சிரித்தார். பற்கள் நன்றாக இருக்கின்றன.

பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லை. அவர் பாதியில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தால் போடவில்லை போலும்.

ஜூன் 13, வெள்ளி

புனித அந்தோணியார் திருநாள். பூசை முடிந்து, கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ரொட்டியோடு வந்தேன். மாடிக்கும் இரண்டு கொடுத்தனுப்பினேன். மீந்துபோனதால்தான்.

ரொட்டிக்கு நன்றி சொல்ல வந்த பாஸிலா பிரம்பு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, கேம்ல உங்க கதவுக்கு முன்னாடி ஒரு வராந்தா இருக்கு. காலியா இருக்கு. இந்த நாற்காலிய அங்க போடலாமா? ஃபோன்லயே சுத்திச் சுத்திப் படம் எடுத்தாப் போதும். தொட மாட்டேன்."

முடியாது என்றேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கையில் ஃபோனோடு, தேர்ப்பவனியில் போவதைப் போல அதை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். சொன்னபடி ஒருமுறைகூடத் தொடவில்லை. முடித்துவிட்டு, "அங்கிள் இதுலதான் உக்காருவாங்களா?" என்று கேட்டாள்.

பிரம்பு பழசானால் அப்படித்தான் குழியும் என்றேன்.

ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். ஆடு அதன்மேல் ஏறக் கூடாது. செங்குட்டுவன் ஏதோ ப்ரோகிராம் எழுதினானாம். ஏற முயன்றால் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டிக் கீழே விழுமாம். திருப்தி.

ஜூன் 16, திங்கள்

முடித்துவிட்டேன். கடைசியாக நாற்காலியின் படத்தையும் பார்த்தேன். இருக்கையின் குழிவு அப்படியே வந்திருக்கிறது.

தீர்ப்பைச் சொன்னேன். அன்று நான் கண்ட கதவைத் தவிர எதிலும் தவறு இல்லை.

"நெஜமாவா ஆன்ட்டி? ஒண்ணுகூட இல்லையா?"

"நான் பாத்தேன்" என்றேன்.

பாஸிலா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். வேலை மிச்சமான மகிழ்ச்சியில் இருக்கிறாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 18, புதன்

ஊரைக் காட்டக் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவந்தார்கள். விளையாட்டில் சூரியன் உதித்தது. கிழக்கிலிருந்து பக்கவாட்டில் வெயில் விழ, தெருவும் சுவர்களும் உயிரோடு இருந்தன. ஆடு ஒரு சுவரொட்டியைத் தின்றது. நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று ஆரோக்கியம் சொல்கிறாள்.

அங்கே நேரம் வேகமாக ஓடும். சூரியன் உச்சிக்கு வந்தது. அப்போது பார்த்தேன். ஒரு தெரு சரியாக இருந்தது. அடுத்த தெருவில் கருங்கல் படிகள் ஜெல்லி போல இருந்தன. ஒரு ஷட்டரின் மடிப்புகள் உள்ளும் வெளியுமாக மாறிக்கிடந்தன. என் கதவு வந்தது. தாமரை ஒழுங்காக இருந்தது. அதற்கு முன்னால் வராந்தாவில் நாற்காலி. அதன் இருக்கை எண்ணெயில் போட்ட பூரி போல உப்பி மேலே நின்றது.

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தார்கள்.

"எங்கயோ செட்டிங் மாறிருக்கும்" என்றான் செங்குட்டுவன், மெதுவாக.

அப்படித்தான் இருக்க வேண்டும். தலை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டர் மேஜையிலேயே இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். பள்ளம்தான்.

ஜூன் 20, வெள்ளி

காலைப் பூசைக்குப் போகவில்லை. மேஜையில் உட்கார்ந்து நாற்காலியின் படத்தைத் திறந்தேன். வெளிச்சம் இடப்பக்கம். இருக்கையில் பள்ளம். சரி.

விளக்கை நகர்த்த ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. இத்தனை நாளும் அதை நான் தொட்டதில்லை. தொட அவசியம் இருக்கவில்லை. இன்று தொட்டேன். விளக்கு மேலே போகப் போகப் பள்ளம் உப்பிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் கொண்டுவந்தேன், அமுங்கியது. மேலே, உப்பியது.

செங்குட்டுவன் சொன்னது நினைவுக்கு வந்தது. சிவப்பு இடம் வலம் சொல்லும்; பச்சை மேல் கீழ் சொல்லும். இடமிருந்து வரும் வெளிச்சம் சிவப்பிடம் மட்டுமே விசாரிக்கிறது. பச்சையை அது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பச்சை தலைகீழாக நின்றாலும் அதற்குத் தெரியாது. கவிழ்ந்த படம், கவிழாத படம் எல்லாமே இடப்பக்க வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அன்று தம்பி சொல்ல வந்தது அதுதான் போலிருக்கிறது.

மாடிக்குப் போனேன். முழங்காலைப் பற்றி எழுத நேரமில்லை.

இருவரும் ஏதேதோ செட்டிங்கைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பாஸிலாவின் கண்கள் வீங்கியிருந்தன. மூலையில் அட்டைப்பெட்டிகள்; புத்தகங்களை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"செட்டிங்ல ஒண்ணுமில்ல" என்றேன். "வெளிச்சம் தப்பு. மேலேருந்து விழணும். எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

பாஸிலா நிமிர்ந்தாள். "வெளிச்சம் தப்பா? யாரு சைடுல வெச்சது?"

செங்குட்டுவன் சுவரைப் பார்த்தான். "நான்தான் செட் பண்ணேன்" என்றான்.

பிறர் பழியை இன்னொருவர் சுமப்பதை நான் அனுமதிக்க முடியாது. ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"மதர் செலஸ்டின்" என்றேன்.

பாஸிலா முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இறந்துபோன ஒரு கன்னியாஸ்திரியைப் பற்றிய விஷயம்.

"டைம் இருக்கா ஆன்ட்டி? ஒரு வாரம்தான்."

"புத்தகத்தையெல்லாம் பெட்டியிலேருந்து எடு. தூசி பறக்குது" என்றேன்.

ஜூன் 21, சனி

மூன்று பேரும் என் சாப்பாட்டு மேஜையில். வெளிச்சம் உச்சியிலிருந்து. இப்போது எல்லாமே பளிச்சென்று தெரிகிறது. நான் "உள்ளே" என்கிறேன். செங்குட்டுவன் பச்சையைத் திருப்புகிறான். நான் "வெளியே" என்கிறேன். பாஸிலா பெயரோடு குறித்துக்கொள்கிறாள். குறித்துக்கொள்ளும் பழக்கம் ஒருவழியாக வந்திருக்கிறது.

முக்காலி ஒன்று. என் நாற்காலி ஒன்று. பாஸிலா எங்கே உட்கார்ந்தாள் என்று கவனிக்க எனக்கு அவகாசம் இல்லை. வலப்பக்கம் பிரம்பு அவ்வப்போது கிறீச்சிட்டது.

ஆரோக்கியம் தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

"சாம்பார்ல உப்பு பாத்தியா?" என்றேன்.

"பாத்தேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 23, திங்கள்

மேஜை விரிப்பு. நான் பள்ளியில் தைத்தது. பாஸிலா அதையும் எப்போதோ படமெடுத்து ஆட்டுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறாள். உச்சி வெளிச்சத்தில் பார்த்தால் பூக்கள் எல்லாம் உள்ளே. மதர் செலஸ்டின் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். முடிச்சும் நூல் தாண்டலும் அங்கேதான் தெரியும் என்பார்கள். திரையில் நான் பார்த்தது கிட்டத்தட்ட அந்தப் பின்பக்கம்.

"இதத் திருப்பு தம்பி. சீக்கிரம்."

"பின்னாடியும் நீட்டாத்தான் இருக்கு மேடம்."

"திருப்பு."

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் கஜபதி ஃபோன் செய்தார். வெள்ளை அடிக்க ஆள் அனுப்பட்டுமா என்றார். "உள்ளே" என்று சொன்னேன். அவரிடம் இல்லை, தம்பியிடம். அவர் குழம்பிப்போய், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

ஜூன் 26, வியாழன்

கடைசியாக நாற்காலி. புதிதாக எடுத்த படத்தையும் பழக்கதோஷத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் குழிவு உள்ளே போனது. பாஸிலா பெயரும் ரகமும் குறித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பின்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 27, வெள்ளி

பின்லாந்துக்காரரோடு மதியம் பேச வேண்டும். மாடியில் வோல்டேஜ் குறைவாக இருக்கிறது என்று பாஸிலா கீழேயே பேச அனுமதி கேட்டாள். இங்கும் அதே வோல்டேஜ்தான். கொடுத்தேன்.

சாம்பல் நிறப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தேன். மற்றவை சலவைக்குப் போயிருந்தன. ஜெபமாலையும் சொன்னேன்; அது உத்தரிக்கும் ஸ்தலத்தில் இருக்கும் இறந்தவர்களின் ஆத்துமாக்களுக்காக, வேறு எதற்கும் அல்ல.

தாடி வைத்த ஒருவர் திரையில் வந்தார். ஆங்கிலம் சுமார். ஆனால் பொறுமையாகப் பேசினார். அவர் தன் பக்கத்திலிருந்து ஆட்டை ஓட்ட, நாங்கள் இங்கே பார்த்தோம். வேலை தெரிந்தவர். சூரியனை உச்சியில் நிறுத்தினார், பக்கத்தில் கொண்டுவந்தார், தரைக்குக் கீழே கொண்டுபோனார். சுவர் சுவராக நின்று பார்த்தார். பாஸிலா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். முந்தானை என்னுடையது.

ஆடு என் வராந்தாவுக்கு வந்தது. நாற்காலியில் ஏறப் பார்த்து, முட்டிக்கொண்டு விழுந்தது. மறுபடி ஏறப் பார்த்தது, விழுந்தது.

"இந்த ஆடு எல்லாவற்றிலும் ஏறுகிறது. இதில் மட்டும் ஏன் ஏறவில்லை?" என்று கேட்டார்.

பாஸிலா ஆங்கிலத்தில் சொன்னாள்: "அது வீட்டுக்கார அம்மாவின் உத்தரவு."

அவர் சிரித்தார். பிறகு ஆட்டை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சூரியனை மெல்ல நகர்த்திக்கொண்டே அந்த இருக்கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கிறது" என்றார்.

மோர் எடுத்துவர நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மோர் முன்பே மேஜையில் இருந்ததாக ஆரோக்கியம் சொல்கிறாள். அவள் சொல்வதையெல்லாம் எழுத முடியாது.

சற்றுப் பொறுத்து ஹாலிலிருந்து பாஸிலாவின் குரல் கேட்டது. "ஆன்ட்டி, எடுத்துக்கிட்டாங்க. எங்க போனீங்க? எடுத்துக்கிட்டாங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். வெங்காயம் நறுக்கியிருந்தேன்.

ஜூன் 28, சனி

இவ்வளவு நடந்தும் மாடியில் சத்தமே இல்லை. ஆரோக்கியத்தை அனுப்பினேன். வந்து சொன்னாள்: "ரெண்டு பேரும் ஃபோன்ல வீடு பாக்குறாங்கம்மா. தில்லை நகர்ல."

கூப்பிட்டுக் கேட்டேன்.

செங்குட்டுவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆகஸ்ட்டுக்குள்ள இன்னும் ரெண்டு பேர வேலைக்கு எடுக்கணும்னு கண்டிஷன் மேடம். மேல நாலு மேஜை போட எடம் பத்தாது. டாக்டர் வேற காத்துட்டிருக்கார். நீங்க வாக்கு குடுத்திருக்கீங்க."

"வாக்குக் குடுக்கல. வசதின்னு சொன்னேன்."

"ரெண்டுக்கும் என்ன ஆன்ட்டி வித்தியாசம்?" என்றாள் பாஸிலா.

நிறைய வித்தியாசம் இருக்கிறது. டாக்டருக்கு ஃபோன் செய்தேன். மாடி காலியாகவில்லை, அங்கே ஓர் ஆடு இருக்கிறது, வருந்துகிறேன் என்றேன். "ஆடா?" என்றார். ஆமாம், வளரும் ஆடு என்றேன். நல்ல மனிதர், வேறு இடம் கிடைத்துவிடும்.

பிறகு பாஸிலாவிடம் சொன்னேன். "இந்த ஹால் பெருசு. எனக்கு ஒரு மேஜை போதும். ரெண்டு பேரு மேல உக்காரட்டும், ரெண்டு பேரு இங்க. செருப்பு தட்டுல. மோட்டார் உன் பொறுப்பு. மூணு மணிக்கு யாரும் பேசக் கூடாது, நான் தூங்குவேன்."

"நீங்க எங்ககூட வேல செய்வீங்களா ஆன்ட்டி? அடுத்த கேமுக்கும் கண்ணு வேணும்."

"அடுத்த கேம் எதப் பத்தி?"

"எருமை."

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

பிரம்பு பின்னுகிற சூசை வந்தார். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, "இத்தன வருஷமா ஏம்மா விட்டு வெச்சீங்க? இன்னுங் கொஞ்ச நாள்ல கிழிஞ்சிருக்கும்" என்றார். வேலை இருந்தது என்றேன்.

பழைய பின்னலை அறுப்பதற்கு முன் பாஸிலாவைக் கூப்பிட்டு, படம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று இடத்தில் வைத்திருக்கிறாளாம், பெயரும் ரகமும் குறித்து. திறந்து காட்டச் சொன்னேன். காட்டினாள். உச்சி வெளிச்சத்தில் பார்த்தேன். பிறகு இடப்பக்க வெளிச்சத்திலும் பார்த்தேன். இரண்டிலும் பள்ளம்தான்.

சரி, அறுங்கள் என்றேன்.

"இறுக்கிப் பின்னவா, கொஞ்சம் தளர விடவா?" என்று சூசை கேட்டார்.

இறுக்கித்தான். புதிதாக உட்காருகிறவள் தன் பள்ளத்தைத் தானே போட்டுக்கொள்ளட்டும்.

சாயங்காலம் செங்குட்டுவனிடம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவரை எடுத்துவிடச் சொன்னேன். ஆடு இனி ஏறலாம். குளம்பைத் துடைத்துவிட்டு ஏற வேண்டும் என்றேன். அதற்கும் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறான்.